அம்மானின் இரும்பு வள்ளம்

தீவுப்பகுதியிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கறள் என்பது யாதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கதவின் பிணைச்சல், கிணற்றுக் கப்பி, துவிச்சக்கர வண்டியின் சங்கிலி, பாடசாலையில் மணியாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு ஆகிய யாவும் எங்கள் கண்முன்னே செம்மை பூத்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் வளர்ந்தோம். சோளகம் வீசுங் காலத்திற் காற்றிலே உப்பு வருகிறது. வாடை வீசுங் காலத்தில் உப்போடு ஈரமுஞ் சேர்ந்து வருகிறது. ஊர்காவற்றுறையிலே ஒரு கூரைத் தகரம் ஓட்டை விழாமல் ஏழெட்டு வருடம் நின்றுவிட்டால், வீட்டுக்காரர் அதனை அயலவரிடம் சொல்லிப் பெருமைப்படுவார்.

என் தந்தையார் ஓடாவி. வள்ளங் கட்டுவதும், பழைய வள்ளங்களைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் அவருடைய தொழில். மரத்தை நம்பிய மனிதர் அவர். இரும்பை ஒருநாளும் நம்பியதில்லை. "மரம் உக்கினால் சொல்லிப்போட்டு உக்கும். இரும்பு சொல்லாது" என்பார். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்த கதையை அவர் தம் தந்தையார் வாயிலாகக் கேட்டவர். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அதன் பலகையிடுக்குகளுக்கு எவ்வளவு குங்கிலியம் காய்ச்சியிருப்பார்கள், வெளிப்புறத்துக்கு எத்தனை பீப்பாய் சுறாவெண்ணெய் பூசியிருப்பார்கள் என்று கணக்குப் பார்ப்பதிலேதான் அவருக்கு இன்பம்.

நான் அவருடைய தொழிலைக் கற்கவில்லை. இரசாயனம் படித்துக் கொழும்பிலே தீந்தைகளும் பூச்சுகளும் செய்யும் ஒரு நிறுவனத்தில் உத்தியோகம் பெற்றேன். கடற்காற்றுக்கு ஈடுகொடுக்கும் பூச்சுகளைப் பற்றி ஊருக்கு வரும்போதெல்லாம் பேசுவேன். இப்போது நினைத்தால், அந்தப் பேச்சிலே அறிவு பாதியும் செருக்குப் பாதியும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2012-ஆம் ஆண்டில் என் அம்மான் ஓர் இரும்பு வள்ளம் வாங்கினார். நாற்பதடி நீளம். பழையது, ஆயினும் இயந்திரம் நன்றாக இருந்தது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு அரிசியும் சீமெந்தும் ஏற்றிச் சென்று பிழைக்கலாமென்பது அவர் எண்ணம். கைக்காசு போதாமையால் மாமியின் காப்புகளும் சங்கிலியும் அடைவு வைக்கப்பட்டன. மாமி அவற்றைக் கழற்றிக் கொடுத்தபோது நானும் அங்கே இருந்தேன். வள்ளத்துக்குப் பூச்சுப் பூசும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்கழி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தொழிலாளர் இருவருடன் கம்பித் தூரிகையால் கறளைத் தேய்த்து, சுரண்டியாற் சுரண்டி, பக்கத்து வளவுக் கிணற்று நீராற் கழுவி, இரண்டு தகரங்களிலிருந்த எப்பொக்சிப் பூச்சைக் கலந்து பூசத் தொடங்கினேன். அதிகாலையில் வந்த தந்தையார் வள்ளத்தின் விலாவிற் கையை வைத்து, கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை நனைந்திருந்தது.

"தம்பி, பலகை நனைஞ்சிருந்தால் நாங்கள் கலப்பற்று அடிக்கமாட்டம். உன்ர இரும்பு வேர்க்குது. நீ பூசிறாய்."

"இது மரமில்லை ஐயா. இது வேற விஷயம்" என்றேன்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாட் காலை பூச்சின்மேல் மெல்லிய வெண்படலம் ஒன்று படிந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. துடைத்துவிட்டு அதன்மேல் இரண்டாம் பூச்சையும் பூசினேன். பொங்கலுக்கு முன்னர் வள்ளம் ஓட வேண்டுமென்று அம்மான் அவசரப்பட்டார். எனக்கும் விடுமுறை முடிந்துகொண்டிருந்தது.

ஆறு வாரங் கழித்துத் தொலைபேசி வந்தது. நெடுந்தீவிலிருந்து திரும்பி வருகையில், அணியப் பக்கத்துப் பூச்சு, அவித்த பனங்கிழங்கின் தோல் உரிவதுபோல உரிந்து அலையிலே தொங்கியதாம். கரையேற்றிப் பார்த்தபோது உரியாத இடங்களிலும் கொப்புளங்கள். குத்தினால் உள்ளே நீர். நீருக்குக் கீழே புதுக்கறள். முழுவதையும் சுரண்டி, மெலிந்துபோன இரண்டு தகடுகளை மாற்றி, வேறொருவரைக் கொண்டு வெயிற் காலத்திற் பூசி இறக்குவதற்கு மூன்று மாதங்கள் சென்றன. அந்த மூன்று மாதமும் வருமானமில்லை. அடைவின் தவணை கடந்தது. மாமியின் காப்புகள் மூழ்கிப் போயின. சுரண்டும் வேலையில் பாதியைக் கூலி வாங்காமற் செய்தவர் என் தந்தையார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மாமி என்னை ஒரு சொல்லுங் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த முறை நான் போனபோது தேநீர் கொண்டுவந்து வைத்த கை வெறுமையாக இருந்தது.

என்ன நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள, எப்பொக்சி என்பது யாதென்று சற்றே சொல்ல வேண்டும். மாணவர்கள் அரல்டைட்டு என்னும் பசையைப் பார்த்திருப்பார்கள். இரண்டு குழாய்கள், இரண்டையும் பிதுக்கிக் குழைத்தாலன்றி ஒன்றும் இறுகாது. ஒன்றிலிருப்பது பிசின். மற்றையதிலிருப்பது இறுக்கி; தொழிலாளர் வழக்கிலே 'ஹாட்னர்'. சுவிற்சலாந்திலே பியர் காஸ்தான் என்னும் இரசாயனர் 1930-களின் பிற்பகுதியில், பொய்ப்பல் செய்வதற்கேற்ற பொருளைத் தேடிப் போய் இப்பிசினின் தன்மையைக் கண்டார். அதே காலத்தை ஒட்டி அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவர் தீந்தைக்காக அதனை ஆராய்ந்தார். பல்லுக்குத் தேடியது பின்னர் கப்பலுக்கும் பாலத்துக்கும் கவசமாயிற்று.

நமது ஊர்க்காரருக்கு இதனை வலையைக் கொண்டு விளக்குவது எளிது. பிசின் என்பது அறுந்து கிடக்கும் நூற்றுண்டுகளைப் போன்றது. இறுக்கியிலுள்ள அமைன் என்னும் பொருள் அந்த நூல்களை ஒன்றோடொன்று முடிச்சிடுகிறது. முடிச்சுகள் நெருங்க நெருங்க நூற்குவியல் வலையாகிறது. வலை இறுகிக் கவசமாகிறது. ஆகவே பூச்சின் நன்மை தீமை, பிசினைப் பார்க்கிலும் முடிச்சுப் போடும் கையிலேதான் பெரும்பாலும் தங்கியிருக்கிறது. நான் பயன்படுத்திய சாதாரண அமைன் இறுக்கிக்குத் தண்ணீர்மேல் ஆசை அதிகம். குளிரும் ஈரமுங் கூடிய இரவில், முடிச்சிட வேண்டிய அமைனின் ஒரு பகுதி, காற்றிலுள்ள நீராவியோடும் காபனீரொட்சைட்டோடும் கூடி வேறொரு பொருளாகிவிட்டது. நான் துடைத்துத் தள்ளிய வெண்படலம் அதுவே. முடிச்சுகள் குறைந்தன, வலை தளர்ந்தது, இரும்பின் வேர்வை இடையிலே நின்றது.

இன்னொரு பிழையும் உண்டு. அதனை அறிய எனக்கு வெகுநாட் சென்றது; அதைப் பின்னர் சொல்கிறேன்.

கொழும்புக்குத் திரும்பிய பின்னர், எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்த மூத்த இரசாயனர் ஒருவரிடம் நடந்ததை மறைக்காமற் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மறுநாள் வெள்ளை படிந்ததா?" பின்னர் அலுமாரியைத் திறந்து ஒரு சிறு தகரத்தை எடுத்து வைத்தார். உள்ளே பனங்கட்டிப் பாகுபோலச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு. ஈரத்திலும் குளிரிலும் இறுகுவது; கப்பல்களின் நிலைநீர்த் தொட்டிகளுக்குப் பூசப்படுவது; பெயர் பீனல்கமைன் என்றார். எதிலிருந்து செய்கிறார்கள் என்று கேட்டேன். "கஜுக் கோதின் எண்ணெய்" என்றார்.

எனக்கு உடனே வாயெரிந்தது. உவமைக்காகச் சொல்லவில்லை. எட்டு வயதிலே வேலணையில் இருந்த பெத்தாச்சியின் வளவில் மரமுந்திரிகை மரம் ஒன்று நின்றது. (தமிழகத்தார் முந்திரி என்று சொல்வதை நாம் மரமுந்திரிகை என்கிறோம், வெறுமனே முந்திரிகை என்றால் நமக்குக் கொடியிற் காய்ப்பது.) பழத்துக்கு வெளியே தொங்கும் கொட்டையைப் பச்சையாகவே பல்லாற் கடித்து உடைக்கலாமென்று எண்ணினேன். உதடும் நாக்கின் நுனியுங் கொப்புளித்து, மூன்று நாட்கள் கஞ்சி மட்டும் குடித்தேன். பெத்தாச்சி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே ஏசினார். அவர் கொட்டை வறுப்பதற்கென்று அடியிலே துளையிட்ட பழஞ்சட்டி ஒன்று வைத்திருந்தார். பன்னாடையும் பனைமட்டையும் எரியும் அடுப்பின்மேல் அது ஏறியதும் குபுகுபுவென்று கரும்புகை எழும். எண்ணெய் சீறிப் பற்றும். பிள்ளைகளை அண்ட விடமாட்டார். துளை வழியாகச் சொட்டிய கரிய எண்ணெயைச் சிரட்டையில் ஏந்தி, மாட்டுக்கொட்டிலின் கப்புகளின் அடியிலே பூசுவார். அந்தக் கப்புகளைக் கறையான் தொட்டதில்லை. மிகுதியைச் சில வேளைகளில் என் தந்தையார் வந்து எடுத்துப்போவார். எதற்கென்று நான் கேட்டதில்லை.

ஆக, எங்கள் வீட்டிலே மூன்று தலைமுறையாகக் கையிலே பட்ட பொருளை, நான் பட்டம் பெற்று உத்தியோகம் பார்த்த பின்னர், தகரத்தில் அடைபட்டு வந்த புதுமையாகக் கண்டேன்.

இந்த எண்ணெயின் உள்ளமைப்பைச் சொன்னால் அது ஏன் சுடுகிறது, ஏன் காக்கிறது என்ற இரண்டும் ஒருங்கே விளங்கும். மரமுந்திரிகைக் கொட்டையின் கோது இரண்டு சுவர்களை உடையது. அவற்றுக்கிடையே தேனடைபோன்ற அறைகள், அறைகளிலே எண்ணெய். கோதின் நிறையிலே ஏறத்தாழக் காற்பங்கு இந்த எண்ணெய் என்பர். பச்சையாக இருக்கும்போது அதிற் பெரும்பகுதி அனக்காடிக் அமிலம். சூடேறியதும் அது காபனீரொட்சைட்டை வெளிவிட்டுக் காடனோல் என்னும் பொருளாக மாறுகிறது. காடனோலின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை, கிருமிநாசினியாக நாம் அறிந்த பீனோலின் வளையம். வால், பதினைந்து காபன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி, எண்ணெய்த் தன்மையுடையது. இந்த வாலின் உதவியாலேயே இக்குடும்பத்துப் பொருள்கள் தோலின் கொழுப்பினூடே எளிதாக நுழைகின்றன. நுழைந்தபின் தலை சுடுகிறது. சலவைத் தொழிலாளர் துணியிற் குறியிடப் பயன்படுத்தும் சேங்கொட்டையும், யப்பானியர் பெட்டிகளுக்கும் கிண்ணங்களுக்கும் மெருகிடும் அரக்குமரத்தின் பாலும், மாங்காய்க் காம்பிலே வடியும் பாலும் ஒரே தாவரக் குடும்பத்தின் சொத்து. மாம்பால் பட்டு வாய் வெந்த பிள்ளைகள் எவரும் அந்த உறவை மறுக்கமாட்டார்கள்.

இந்தக் காடனோலை எடுத்து, போமல்டிகைட்டோடும் அமைனோடும் சேர்த்து வினைப்படுத்தினாற் கிடைப்பதே பீனல்கமைன். கார்ல் மானிக் என்னும் ஜெர்மானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்த வினை இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இப்போது தலையோடும் வாலோடும் முடிச்சிடும் கைகளும் வந்துவிட்டன. தலையிலுள்ள பீனோல் முடிச்சிடும் வேலையை விரைவுபடுத்துகிறது. அதனால் குளிரிலும் தாமதமில்லை. வால் தண்ணீரை வெறுக்கிறது. சேம்பிலையிலே நீர் ஒட்டாததுபோல, இந்த இறுக்கியிலே நீர் கலப்பதில்லை. இரும்பின் மேலுள்ள மெல்லிய ஈரத்திலே கரைந்து வீணாவதுமில்லை. இறுகிய பின்னரும் அதே வால்கள் பூச்சுக்குள்ளே பரந்து நின்று கடல்நீரை உள்ளே விடாமல் தடுக்கின்றன. பூச்சுக்குச் சற்று வளைந்து கொடுக்கும் தன்மையையும் தருகின்றன. என் உதட்டுக்குள் நுழைந்த அதே வால்தான்.

மரமுந்திரிகையின் தாயகம் பிரேசில். பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கீசர் அதனை நம் பக்கத்துக் கரைகளுக்குக் கொண்டுவந்தனர். ஊர்காவற்றுறைக்குக் கயிற்ஸ் என்று பெயரிட்டவர்களும் அவர்களே. கேரளத்தில் ஆணியின்றிக் கயிற்றாற் கட்டும் கெட்டுவள்ளங்களுக்கு இக்கோதின் எண்ணெயைக் காய்ச்சிப் பூசும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தொழிற்சாலைகளின் கண் அதன்மேற் பட்டது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். அமெரிக்காவிலே மோட்டிமர் ஹார்வே என்னும் இரசாயனர் இவ்வெண்ணெயைக் கொண்டு பல பொருள்களைச் செய்து காப்புரிமைகள் பெற்றார். மோட்டார் வாகனத்தின் தடுப்புக்கட்டைகளிலே உராய்வுக்காகச் சேர்க்கப்படும் தூள் அவற்றுள் பெயர் பெற்றது. எப்பொக்சிக்கு இறுக்கியாகும் முறை அதற்கும் பின்னர் வந்தது.

இவ்விடத்திலே ஒன்றைச் சொல்லாமற் கடந்துபோக மனம் வரவில்லை. கொல்லத்திலும் பண்ணுருட்டிப் பக்கத்திலும் கொட்டை உடைப்பவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். கையிலே சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு நாள் முழுவதும் உடைப்பார்கள். ஆயினும் விரல்கள் கறுத்து, தோல் உரியும். மன்னாரின் கொண்டச்சித் தோட்டத்தையும் புத்தளப் பக்கத்து மரங்களையும் கொண்ட நம் நாட்டிலும் அந்தக் கைகள் உண்டு. புத்தளத்திலே ஒரு வீட்டு முற்றத்தில் நான் கண்ட அம்மையாரின் பெருவிரல் நகம் கருங்காலி போலிருந்தது. கோதுகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சூளைக்கு எரிக்கக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எண்ணெயாகவும் இறுக்கியாகவும் மாறி வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும்போது அதன் விலை என்னவென்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்ல நாவெழவில்லை.

வள்ளத்துக்கு வருவோம். ஒருமுறை சூடுபட்டவனாகையால், இந்தமுறை முதலில் இரும்புத் தகடுகளிலே சோதித்தேன். 2014-ஆம் ஆண்டு மாரியிலே, தந்தையாரின் பட்டறை முற்றத்தில், மூன்று தகடுகளை மழைத்தூறலில் வைத்து, நின்ற நீரைத் துணியாற் துடைத்துவிட்டு, ஈரம் காயமுன்னரே பூசினேன். முதற்றகட்டுக்குப் பழைய இறுக்கி. மற்றை இரண்டுக்கும் மரமுந்திரிகை இறுக்கி. அவற்றுள் ஒன்றை மழைநீராற் கழுவியிருந்தேன். மற்றதை, 2012-இற் செய்ததுபோல, கிணற்று நீராற் கழுவியிருந்தேன். மூன்றையும் கயிற்றிலே கட்டி இறங்குதுறையிற் கடலுக்குள் விட்டோம். பத்து மாதம் அவை அங்கே கிடந்தன. தந்தையார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தூக்கிப் பார்ப்பார். தொலைபேசியில் எனக்குச் சொல்வார்.

முதற்றகடு முற்றாக உரிந்தது. அது எதிர்பார்த்ததே. மழைநீராற் கழுவிய தகட்டிலே பாசியும் சிப்பியும் ஏறியிருந்தன. சுரண்டிப் பார்த்தால் கீழே பூச்சு அசையவில்லை. மூன்றாவது தகடுதான் எனக்குப் பாடஞ் சொன்னது. நல்ல இறுக்கிதான், ஆனால் அம்மைத் தழும்புபோலச் சிறு சிறு கொப்புளங்கள். கிணற்று நீர் உவர்நீர் என்பதை இந்த ஊரிற் பிறந்த நான் மறந்துவிட்டேன். அந்த நீரிலுள்ள உப்பு இரும்பின்மேற் படிந்து பூச்சின்கீழ் அகப்பட்டுக்கொள்கிறது. பின்னர் வெளியிலுள்ள நீரைச் சிறிது சிறிதாகத் தன்பால் இழுக்கிறது. கொப்புளம் எழுகிறது. கறள் பிறக்கிறது, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் கறள் இடம் அதிகம் பிடிப்பதால், பூச்சை மேலே நெம்புகிறது. எந்த மரத்தின் எண்ணெயும் இதற்கு மருந்தாகாது. 2012-இல் நான் செய்த இரண்டாவது பிழை இதுவே.

2015-ஆம் ஆண்டு கார்த்திகையில் அம்மானின் வள்ளத்தை மீண்டும் பூச வேண்டியிருந்தது. வெயிற்காலம் வரையும் பொறுப்பதென்றால் மாரி முழுவதும் கறள் தின்னும். நான் கேட்கத் துணியவில்லை. தந்தையார்தான் தகட்டைக் கொண்டுபோய் அம்மானின் முன்னே போட்டார். அம்மான் அதை நெடுநேரம் நகத்தாற் கீறிப் பார்த்துவிட்டு, "சரி மருமகன், பூசு" என்றார். மாமி உள்ளே இருந்தார்; வெளியே வரவில்லை.

நான் முதலிலே கேட்டது ஒரு பவுசர் நன்னீர். தீவிலே நன்னீரின் அருமையை அறியாதவரில்லை. "குடிக்கிற தண்ணியிலையோ இரும்பைக் கழுவப்போறாய்?" என்று அம்மான் திகைத்தார். அயலவர் சிலர் குடத்தோடு வந்து நின்றுவிட்டார்கள். கடைசியில், வந்த நீரிற் பாதியை அவர்கள் நிரப்பிக்கொண்டு போகவும், பாதியால் நாங்கள் வள்ளத்தைக் கழுவவும் உடன்பாடாயிற்று. கையுறையில்லாமல் எவரும் இறுக்கியைத் தொடக்கூடாதென்று கண்டிப்பாக நின்றேன். ஏனென்றால், மரத்திலிருந்து வந்ததாயினும் அமைன் அமைன்தான். சிலருடைய தோல் ஒருமுறை அதனை வெறுத்துவிட்டால், பின்பு வாழ்நாள் முழுவதும் அதன் அருகிலே போக முடியாது. இரண்டாம் நாள் இரவு மழை கொட்டியது. நான் உறங்கவில்லை. விடியற்காலையில் டோர்ச் விளக்கோடு போனபோது, எனக்கு முன்பே தந்தையார் அங்கே நின்றார். விலாவிற் கையை வைத்துத் திருப்பிப் பார்த்தார். மழைநீர் மட்டுமே இருந்தது, வெள்ளையில்லை, பிசுபிசுப்பில்லை.

"உது பெத்தாச்சியின்ர சட்டியெண்ணெய் எண்டு ஏன் நீ முதலே சொல்லேல்லை?" என்று கேட்டார். அந்த எண்ணெயை அக்காலத்திலே எதற்குக் கொண்டுபோனீர்கள் என்று அப்போதுதான் நானும் கேட்டேன். வள்ளத்தின் அடிப்பலகையும் வங்கும் சேரும் இடத்திலே, வெயில் படாத பக்கமாகப் பூசுவாராம். வெயில் பட்டால் நிறங் கெட்டுப் பொரியும் என்றார். அதுவும் உண்மையே. பீனல்கமைன் பூச்சும் வெயிலிலே மஞ்சளாகும். எப்பொக்சி எதுவும் நாட்பட்டால் வெயிலிலே சுண்ணாம்பு பூத்ததுபோல் மங்கும். ஆகவே மேற்புறத்துக்கு வேறு பூச்சு வேண்டும். நான் ஐந்து வருடம் புத்தகங்களிற் படித்ததை அவர் ஒரு வாக்கியத்திற் சொல்லி முடித்தார்.

இக்காலத்திலே 'தாவரத்திலிருந்து செய்தது' என்று தகரத்தில் அச்சிட்டுவிட்டால் மக்கள் மயங்கிவிடுகிறார்கள். அதுபற்றி ஒரு சொல். இறுக்கியின் பெரும்பங்கு மரமுந்திரிகைக் கோதிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அதிற் சேரும் அமைனும் போமல்டிகைட்டும் அத்தகையனவல்ல. எப்பொக்சிப் பிசினும் பொதுவாக நிலநெய்யின் வழிவந்ததே. உலர்ந்த பூச்சை முழுதாக எடுத்தால் மரத்தின் பங்கு சிறுபான்மை. மரத்தின் பெயரைக் கேட்டு அது தீங்கற்றதென்று கருதிச் சுரண்டிய தூளைக் கடலிலே கொட்டக்கூடாது. நாங்கள் சாக்குகளிற் கட்டி அப்புறப்படுத்தினோம். நான் இந்த இறுக்கியைப் போற்றுவது வேறு காரணத்துக்காக. நம் ஊர் இரும்பு ஈரமாகத்தான் இருக்கும். ஈர இரும்பை ஏற்றுக்கொள்ளும் பூச்சே நமக்குப் பூச்சு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு, இந்தியாவின் நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. உப்புக்காற்றிலே நிற்கப்போகும் கோபுரங்களை எண்ணும்போது, அவற்றைக் கழுவ எந்தக் கிணற்று நீரை எடுப்பார்கள் என்றுதான் என் எண்ணம் முதலிலே போகிறது.

அம்மானின் வள்ளம் இன்னும் ஓடுகிறது. அந்தப் பூச்சின்மேல் இருமுறை மேற்பூச்சு மட்டும் பூசியிருக்கிறோம். நான்கு வருடம் ஓடிய பின்னர் அம்மான் மாமிக்கு ஒரு சோடி காப்பு வாங்கிக் கொடுத்தார். பழையவற்றின் நிறை இல்லை. கடந்த தையிலே நயினாதீவுக்குப் போகும் வழியில் குறிகட்டுவானில் வள்ளத்தைக் கண்டேன். சுக்கானுக்குப் பக்கத்தில், கயிறு உரஞ்சும் இடத்திலே, ஓர் உள்ளங்கையளவு கறள் தெரிந்தது. தந்தையாருக்கு இப்போது கண் மங்கல். படத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் தெரியாது. இடத்தைச் சொன்னேன். "ஆவணியில சுரண்டுவம். தண்ணிக்கு முதலே சொல்லி வை" என்றார். பவுசர்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.